மலைக்குக் கிழக்கே ஒரு திருவிதாங்கூர் தாலுகா

கேள்வி: செங்கோட்டை பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பூர்வீக நிலம் உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் ஆண்டு 1098 என்று இருக்கிறது, திருவிதாங்கூர் முத்திரையும் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊருக்கு அந்த ராஜா எப்படி வந்தார்?
- வாசகர், விருதுநகர்

பதில்: முதலில் ஆண்டுக் கணக்கை முடித்துவிடலாம். அது கொல்லம் ஆண்டு. ஆவணியில் பிறக்கும், அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824 கூட்டுங்கள், ஜனவரிக்கு அப்புறம் என்றால் 825. உங்கள் பத்திரம் 1922 ஆகஸ்டுக்கும் 1923 ஆகஸ்டுக்கும் நடுவே எழுதியது. (கொல்லம் ஆண்டைப் பார்த்ததுமே திருவிதாங்கூர் என்று முடிவு கட்டாதீர்கள், நெல்லைச் சீமையிலும் அது புழக்கத்தில் இருந்ததுதான். உங்களுக்கு முத்திரை இருக்கிறது, சந்தேகமில்லை.)

இனி ராஜா விஷயம். கொட்டாரக்கரையைத் தலைமையிடமாக வைத்து இளையிடத்து சொரூபம் என்று ஒரு சின்ன அரசு இருந்தது, பத்தனாபுரமும் செங்கோட்டையும் அதற்குள் அடக்கம். 1740களில் மார்த்தாண்ட வர்மா அதைத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டபோது செங்கோட்டையும் கூடவே போய்விட்டது. மேற்கே இருந்தவர்களுக்கு இந்த ஊர் மேல் ஏன் அவ்வளவு அக்கறை என்று கேட்டால், ஆரியங்காவு கணவாயைத்தான் காட்டுவேன். அந்தப் பாதையின் கிழக்கு வாசல் செங்கோட்டை, வாசலைப் பிடித்திருப்பவன் கையில்தானே போக்குவரத்து! 1904-ல் கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து ரயில் வந்ததும் இதே வழியில்தான்.

ஆக, 1911-ல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன், பிறந்த ஊரை வைத்துப் பார்த்தால் திருவிதாங்கூர் பிரஜை. வேலை பார்த்ததும் புனலூரில், அந்த சமஸ்தானத்தின் காட்டு இலாகாவில். பல பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கூடவே வந்த செங்கோட்டை தனியாக ஒதுங்கிக் கிடந்ததால் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது, 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். நம் பக்கத்துக் கடைசி ஊர் புளியரை, அதைத் தாண்டி மலையேறினால் ஆரியங்காவு, அது கேரளம். செங்கோட்டையில் சங்கு முத்திரையோடு பழைய நுழைவு வளைவு ஒன்று நிற்கிறது, நிலத்தைப் பார்க்கப் போகும்போது அதையும் பாருங்கள்.

கேள்வி: ஜூன், ஜூலையில் எங்கள் ஊரில் வெயில் கொளுத்துகிறது, செங்கோட்டையில் மட்டும் சாரல். அது எப்படி?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அதற்கும் கணவாய்தான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடும், கிழக்கே வருவது வறண்ட காற்றுதான். ஆரியங்காவு பக்கம் மலை தாழ்ந்திருப்பதால் ஈரக்காற்று கொஞ்சம் நழுவி வந்துவிடுகிறது. அந்தக் கொஞ்சத்தில்தான் குற்றாலத்துக்கு சீசன் (குற்றாலம் தென்காசி தாலுகா, செங்கோட்டை இல்லை, பல பேர் குழப்பிக்கொள்கிறார்கள்), அதில்தான் செங்கோட்டை தாலுகா அணைகளும் நிரம்புகின்றன. குண்டாறு அணை சுமார் 36 அடிதான், நாலு நாள் நல்ல மழை பெய்தால் தளும்பிவிடும், அதனால் மாவட்டத்தில் முதலில் நிரம்பியது என்று செய்தியில் வருவது பெரும்பாலும் அதுதான். மேக்கரையில் இருக்கிற அடவிநயினார் அணை 132 அடி, அது நிரம்ப நாளாகும். தூரம் போகப் போக காற்றில் ஈரம் தீர்ந்துவிடுகிறது. உங்கள் ஊருக்கு மழை வேண்டுமென்றால் ஐப்பசி வரை பொறுக்கத்தான் வேண்டும்.