மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடியை வெளிச்சமான போர்ஷனா மாத்தலாமா? – கேள்வி பதில்

பழைய சுண்ணாம்பு வீடுங்கள ரிப்பேர் பண்ற சிவில் இன்ஜினியர் நான், மாடி போர்ஷன் பத்தி கேட்டவங்களுக்கு இங்கயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி (மயிலாப்பூர்): மேடம், தாத்தா கட்டின வீடு. மாடி ஹாலுக்கு நடுவுல நாலரை இஞ்ச் சுவர் வச்சு ரெண்டு ரூமாக்கிடலாம்ங்கறார் மேஸ்திரி. சரியா வருமா?

பதில்: வேண்டாம்ங்க, ப்ளீஸ். உங்க காலுக்குக் கீழ இருக்கறது கான்கிரீட் இல்ல, மரக்கட்டை வரிசையா போட்டு அதுமேல சின்ன டெரஸ் செங்கலை நெட்டுக்குத்தா, குறுக்குசாய்வா சுண்ணாம்புல அடுக்கி, செங்கல் ஜல்லி போட்டு இடிச்ச தளம், இதத்தான் மெட்ராஸ் டெரஸ்ங்கறோம். 10 அடி நீளம் 9 அடி உயரம் சுவர்னா பூச்சோட 2 டன் வந்துரும், கீழ சுவர் இல்லாத இடத்துல அத்தனை பாரத்தையும் அந்தக் கட்டைதான் தாங்கணும். ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) ஃப்ரேம்ல சிமென்ட் போர்டு அடிங்க, மேல ஒண்ணரை அடி கண்ணாடி விட்டா உள் ரூமுக்கும் வெளிச்சம் போகும். அதுக்கும் முன்னாடி கட்டை சுவருக்குள்ள நுழையற இடத்த ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாருங்க, மொதல்ல உளுக்கறது அங்கதான். பொதபொதன்னு உள்ள போச்சுன்னா வேலைய நிறுத்திட்டு கட்டைய மாத்துங்க.

கேள்வி (கும்பகோணம்): பகல்லயே லைட் போடறோம்க்கா. ஜன்னல அகலமாக்கலாமா?

பதில்: அகலத்துல கை வைக்காதீங்கம்மா, மேல இருக்கறது செங்கல் ஆர்ச், பக்கச் சுவரை வெட்டினா அதுக்குப் பிடிமானம் போயிடும். கீழ்ப்பக்கமா இறக்குங்க, ஜன்னலுக்கு நேர்கீழ இருக்கற சுவரை மட்டும் தரை வரைக்கும் எடுத்துட்டு வெளிய கைப்பிடிக் கம்பி வச்சிருங்க. ஒரு வீட்ல இப்படி எடுத்த அன்னைக்கு வெளிச்சம் தரையோட ஓடி எதிர்ச்சுவர் வரைக்கும் போச்சு, அந்த வீட்டுப் பாட்டி "இந்தத் தரை இவ்ளோ செவப்பாடி?"ன்னு ரெட் ஆக்ஸைடை தடவித் தடவிப் பாத்தாங்க.

கேள்வி: கூரைய வெட்டி ஸ்கைலைட், அதாவது வெளிச்சம் வர கண்ணாடி, வைக்கலாமா?

பதில்: கட்டைய வெட்டாம பெரிய ஸ்கைலைட் வராது. மாடிப்படி கூண்டை கொஞ்சம் ஒசத்தி வடக்குப் பக்கம் கண்ணாடி போடுங்க, ஒழுகற பயமும் கம்மி.

கேள்வி (காரைக்குடி): பாத்ரூம் எங்க வைக்கலாம்?

பதில்: கீழ் பாத்ரூமுக்கு நேர்மேல, வெளிச்சுவரை ஒட்டி. பைப் எல்லாம் வெளிப்பக்கமாவே இறங்கணும், தளத்துக்குள்ள புதைச்ச பைப் கசிஞ்சா கட்டை அழுகறது வெளிய தெரியவே தெரியாது.

கேள்வி: சுவருக்கு எமல்ஷன் பெயின்ட் அடிச்ச ஆறு மாசத்துல கொப்புளம் வருதே?

பதில்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்த வெளிய விடணும், எமல்ஷன் அத அடைச்சிருது. சொரண்டிட்டு வெள்ளைச் சுண்ணாம்பே மூணு கோட் அடிங்க. பூச்சு உதிர்ந்த இடத்துலயும் சிமென்ட் வைக்காதீங்க, சுண்ணாம்புக் கலவைதான்.