விலை உயர்ந்த மேட் ஐஷேடோ பேலட் பயன்படுத்தியது உண்டா? கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். தகுமா என்று கேட்டால், பேலட்டில் பாதிக்குத் தகும். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது 12 கட்டங்கள் கொண்டது, அத்தனையும் மேட். ஜிகினா ஒரு பொட்டுகூடக் கிடையாது. தொழில்முறை மேக்கப் கலைஞர்களை மனதில் வைத்து விற்கும் பிராண்டுகளில் இந்த வகை ரொம்பப் பிரபலம். விசேயார்ட்டின் நியூட்ரல் மேட், மேக்கப் பை மரியோவின் மாஸ்டர் மேட்ஸ் இரண்டும் இதே மாதிரி 12 நிறம் கொண்ட முழு மேட் பேலட்டுகள். என்னுடையது எந்த பிராண்டு என்று சொல்லப்போவதில்லை. கீழே இரண்டு மூன்று குறை சொல்லியிருக்கிறேன். என் இமையில் சரிவராதது உங்கள் இமையில் ஜம்மென்று உட்காரலாம். என் நிறம் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, இமை மதியத்துக்குள் எண்ணெய் விட்டுவிடும் ரகம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேட்டுக்கு ஏன் இத்தனை விலை என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. ஷிம்மர் ஐஷேடோவில் மினுமினுப்பது பெரும்பாலும் மைக்கா. தகடு தகடாக உரியும் தாது அது. அதன்மேல் டைட்டானியம் டைஆக்ஸைடையோ இரும்பு ஆக்ஸைடையோ மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். அந்தத் தகடுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு படிந்துவிடும், வெளிச்சத்தையும் திருப்பி அடிக்கும். நாம் கலைத்ததில் எங்காவது விட்டுப்போயிருந்தாலும் அந்தப் பளபளப்பில் யாருக்கும் தெரியாது. மேட்டில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. டால்க், இரும்பு ஆக்ஸைடு நிறமிகள், பொடியைப் பிடித்து வைக்கக் கொஞ்சம் எண்ணெய் அல்லது சிலிகோன், மெக்னீசியம் ஸ்டியரேட் போன்ற ஏதோ ஒன்று, அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த நிறமித் துகள்கள் ரொம்பப் பொடியானவை, ஒன்றோடு ஒன்று கட்டிக்கொள்ளும் குணம் உள்ளவை. சரியாக அரைத்துப் பிரிக்காவிட்டால் இமையில் திட்டுத்திட்டாக நிற்கும். பிடிமானப் பொருள் குறைந்தால் பிரஷ்ஷை வைத்ததும் புழுதி கிளம்பும். கூடினால் கட்டம் கல்லாக இறுகி, தேய்த்தாலும் நிறம் வராது. இந்த நடுநிலையைப் பிடிப்பதுதான் வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் அது வேறு வேறு இடத்தில் இருக்கும் என்பதால், ஒரே பேலட்டில் ஒன்று வெண்ணெயாகவும் பக்கத்துக் கட்டம் சுண்ணாம்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

மூலப்பொருள் பட்டியலைப் பார்த்து விலை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நிறமிகள் கடைசியில் சிஐ எண்களாக, அதாவது ஒவ்வொரு நிறமிக்கும் உள்ள கலர் இண்டெக்ஸ் அடையாள எண்களாக இருக்கும்: 77491 சிவப்பு இரும்பு ஆக்ஸைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு, 77891 டைட்டானியம் டைஆக்ஸைடு. மலிவு விலைப் பெட்டியிலும் இதே எண்கள்தான். பழுப்பு நிறம் என்றாலே இந்த நாலும் வெவ்வேறு விகிதத்தில்தான், யாரும் தனியாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. எவ்வளவு நேரம் அரைத்தார்கள், எவ்வளவு அழுத்தி அச்சில் இறக்கினார்கள் என்பதெல்லாம் லேபிளில் வராது. கொடுக்கிற காசில் கனமான பெட்டிக்கும் பெயருக்கும் ஒரு பங்கு போகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வலது கண்ணில் இந்தப் பேலட், இடது கண்ணில் என்னிடம் முன்பே இருந்த சாதாரண விலைப் பேலட். அதே பிரைமர் (ஐஷேடோ பிடித்து நிற்க இமையில் முதலில் பூசும் அடிப்பூச்சு), ஒரே மாதிரியான இரண்டு பிரஷ், கிட்டத்தட்ட ஒரே நிறங்கள். இப்படிப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். விரலால் தொட்டுக் கையில் இழுத்துப் பார்க்கும் ஸ்வாட்ச்சை நம்பாதீர்கள். விரலில் உள்ள எண்ணெயும் அழுத்தமும் எந்தப் பொடியையும் அழகாக்கிவிடும். சொல்லப்போனால் ஸ்வாட்ச்சில் ஜெயித்தது சாதாரணப் பேலட்தான். ஒரே இழுப்பில் அடர்த்தியான கோடு. விலை உயர்ந்ததில் கொஞ்சம் மெல்லிசாக, 'இதற்கா இத்தனை காசு' என்று கேட்க வைக்கும் கோடு.

இமையில் கதை மாறியது. நடுத்தரப் பழுப்பை எடுத்து மடிப்பில் வைத்தேன். இடது கண்ணில் பிரஷ் முதலில் தொட்ட இடத்தில் ஒரு கறுத்த புள்ளி விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதைக் கலைக்கப் போனால் சுற்றி உள்ள நிறம்தான் கலைகிறது, புள்ளி நகரவில்லை. விடாமல் தேய்த்ததில் ஓரங்கள் சாம்பல் பூத்த மாதிரி ஆயின. வலது கண்ணில் முதல் தொடுதலில் ஒன்றுமே விழாத மாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் நிறம் மெதுவாக ஏறி, மேல் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தோலோடு போய்விட்டது. கண்ணாடியைக் கிட்டத்தில் வைத்துத் தேடினேன், கோடு கிடைக்கவில்லை.

அடுத்து அதன்மேல் செங்கல் நிறம். விலை வித்தியாசம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது இங்கேதான். சாதாரணப் பேலட்டில் பழுப்பும் செங்கல்லும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு சேற்று நிறம் ஆகிவிட்டது. மற்றதில் வெளி மூலையில் செங்கல் செங்கல்லாகவே இருந்தது, மடிப்பில் பழுப்பு பழுப்பாகவே இருந்தது, நடுவில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன. ஒரே ஒரு நிறம் மட்டும் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசத்தால் பெரிய லாபம் இல்லை. மூன்று நாலு நிறம் அடுக்குகிறவர்களுக்குத்தான் இது நேரத்தை மிச்சம் பிடிக்கும்.

இப்போது குறைகள். 12 கட்டங்களில் மேல் வரிசை முழுக்க வெளிர் நிறங்கள்: தந்த நிறம், வெளிர் ரோஜா, மணல் நிறம் இப்படி. வெளிர் நிறங்களில் வெண்மைக்காக டைட்டானியம் டைஆக்ஸைடு கூடுதலாக இருக்கும். என் நிறத்தில் அவற்றைப் புருவத்துக்குக் கீழே போட்டால் மாவு அப்பிய மாதிரி தெரிகிறது. வெளுத்த தோலுக்கு 'இருப்பதே தெரியாத' நிறம் எனக்குச் சுண்ணாம்பு. இதை பிராண்டின் தவறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நியூட்ரல் என்று எழுதியிருந்தால் யாருடைய தோலுக்கு நியூட்ரல் என்று கேட்டுப் பார்ப்பது நம் வேலை. நம் மாதிரி நிறத்துக்கு டிரான்சிஷன் ஷேடு, அதாவது அடர் நிறத்தைத் தோலோடு இணைக்க மடிப்பில் போடும் இடைநிறம் என்பது வெளிர்ப் பழுப்பு இல்லை, செம்பழுப்பும் தேன் நிறமும்தான். வாங்கும் முன் பேலட்டின் படத்தைப் பார்த்து, உங்கள் தோலைவிட ஒரு படி அடர்த்தியான நிறங்கள் அதில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். பாதிக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

இன்னொரு குறை அந்த அடர் கத்தரிப்பூ நிறம். பேலட்டிலேயே அழகான கட்டம் அதுதான், அதைப் பார்த்துத்தான் மனம் சாய்ந்தது. போட்டால் திட்டு. ஊதாவும் நீலமும் மேட்டில் எப்போதுமே தகராறுதான். மாங்கனீஸ் வயலட், அல்ட்ராமரின் போன்ற நிறமிகள் இரும்பு ஆக்ஸைடு மாதிரி சுலபமாகச் சீராகப் படிவதில்லை. இத்தனை விலையிலும் அப்படியா என்று எரிச்சல் வந்தது உண்மை. தட்டையான பிரஷ்ஷால் ஒற்றி ஒற்றி வைத்தால் ஓரளவுக்கு நிற்கிறது. துடைப்பம் போடுவதுபோல் இழுத்தால் போச்சு.

கறுப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாப் பேலட் கறுப்பும் கறுப்புதான்.

மேட் போடும்போது அடித்தளம் பாதி வேலையைச் செய்கிறது. பிரைமரோ கன்சீலரோ பூசி, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே மேட்டை வைத்தால் நிறம் அங்கங்கே பிடித்துக்கொள்ளும். பிறகு பேலட்டைத் திட்டிப் பயனில்லை. தோல் நிறப் பவுடரையோ, உங்கள் நிறத்தில் ஒரு மேட் ஷேடு இருந்தால் அதையோ மெல்லிசாக ஒற்றிவிட்டு ஆரம்பியுங்கள். எண்ணெய் இமைக்காரர்கள் இதை விட்டுவிடவே கூடாது. பிரஷ்ஷைக் கட்டத்தில் அழுத்திச் சுழற்றாதீர்கள், நுனியால் தொட்டுவிட்டு ஒரு தட்டு தட்டினால் போதும். நல்ல மேட் பேலட்டில் பொடி கொஞ்சம் கூடுதலாகவே எழும்பும், மென்மையாக அழுத்தியிருப்பதன் விளைவு அது. அதனால் கண்ணை முதலில் முடித்துவிட்டு, கீழே உதிர்ந்ததைத் துடைத்துவிட்டு, அப்புறம் பவுண்டேஷனுக்குப் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் வைப்பவர்கள் லென்ஸை வைத்த பிறகுதான் மேக்கப்பைத் தொட வேண்டும்.

ஷிம்மருக்கு பிரஷ்ஷை நனைப்பது வழக்கம். மேட்டில் அதைச் செய்யாதீர்கள். கட்டத்தின் மேல் ஒரு தோல் கட்டி இறுகிவிடும். ஏற்கெனவே அப்படி இறுகியிருந்தால் செலோ டேப்பை ஒட்டி எடுத்தால் மேல் படலம் வந்துவிடும்.

இமையில் சுருக்கம் விழ ஆரம்பித்தவர்கள் 'எனக்கு மேட் பொருந்துமா' என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். ஷிம்மரைவிட மேட்தான் பொருந்தும், ஏனென்றால் மினுமினுப்பு ஒவ்வொரு சுருக்கத்திலும் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஆனால் இமை வறண்டிருந்தால் மேட்டும் தூள் தூளாக நிற்கும், முன்னாடியே கொஞ்சம் ஈரப்பதம் கொடுத்து அது இழுத்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும்.

பேலட்டில் பளீர் சிவப்பு, அடர் ரோஜா போன்ற நிறங்கள் இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சில பிராண்டுகள் அவற்றை ஐஷேடோ என்று சொல்லாமல் 'பிரஸ்டு பிக்மென்ட்' (அழுத்திய நிறமி) என்று எழுதியிருக்கும். அவற்றில் உள்ள சில சாயங்களைக் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதிக்கவில்லை என்பதுதான் காரணம். இமையில் கறை பிடிக்கும் வாய்ப்பும் உண்டு. கார்மைன், அதாவது சிஐ 75470, இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு. வீகன் பார்ப்பவர்களுக்கு ஆகாது, சிலருக்கு ஒவ்வாமையும் வரும். என் பேலட்டின் செங்கல் நிறம் வெறும் இரும்பு ஆக்ஸைடுதான், இதுவரை கறை எதுவும் இல்லை.

எத்தனை நாள் வரும் என்று கவலைப்பட வேண்டாம். தண்ணீர் இல்லாத பொடி என்பதால் மஸ்காரா மாதிரி சீக்கிரம் கெடாது. பெட்டியில் உள்ள திறந்த டப்பா படத்துக்குள், திறந்த பிறகு எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று 12 அல்லது 24 என மாதக் கணக்கு போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் தொற்று வந்த சமயத்தில் மட்டும் பிரஷ்ஷோடு பேலட்டை வைத்து விளையாடாதீர்கள்.

மறுபடியும் வாங்குவேனா? முழுப் பேலட்டாக வாங்க மாட்டேன். நடுவரிசையில் உள்ள நாலு நிறங்கள், அதாவது தேன், செம்பழுப்பு, செங்கல், அடர் பழுப்பு, அவை தனித்தனி ரீஃபில்லாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன். நீங்கள் ஆரம்பநிலை என்றால், இந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து முதலில் பஞ்சுபோல் தளர்வான ஒரு பிளெண்டிங் பிரஷ்ஷும் நல்ல பிரைமரும் வாங்கி, கையில் இருக்கும் பேலட்டையே அவற்றோடு போட்டுப் பாருங்கள். அப்போதும் அந்தக் கறுத்த புள்ளி நகர மறுத்தால் பெரிய பேலட்டைப் பற்றி யோசிக்கலாம்.