முழுப் பணத்தையும் இப்போதே கட்டாதீர்கள்

கேள்வி: அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் வலசைப் பறவைகளைப் பார்க்க ஆசை. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் நான்கு இடம், 150 இனம் உறுதி என்கிறார். விளம்பரத்தில் வானம் முழுக்கப் பருந்துகள் சுழல்கின்றன. முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டுமாம். நம்பலாமா?

பதில்: வேண்டாம். இத்தனை இனம் உறுதி என்று யார் சொன்னாலும் ஒதுங்கிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் இலையுதிர்கால வலசையை நடத்துவது காற்றுதான். குளிர்காற்று வந்து, வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கிய இரவில் பறவைகள் பெருங்கூட்டமாகக் கிளம்பும். தெற்குக் காற்று என்றால் பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே தங்கிவிடும். இதற்கு யார் உறுதி தர முடியும்?

விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் பிராட்-விங்டு ஹாக் என்ற பருந்து இனமாக இருக்கும். அந்தக் கூட்டங்களின் உச்சம் செப்டம்பர் நடுவில். அக்டோபரில் வருகிறவரிடம் அதைக் காட்டிப் பணம் வாங்குவது ஏமாற்று வேலை. உங்கள் வாரத்துக்கு உரியவை பொரி வல்லூறு, மெர்லின் என்ற சிறு வல்லூறு, ஷார்ப்-ஷின்டு ஹாக் என்ற சிறு பருந்து.

நான்கு இடமும் வேண்டாம், நியூ ஜெர்சியின் தென்முனையான கேப் மே போதும். காற்று கடலோரமாகத் தள்ளிவந்த பறவைகள் எதிரே டெலவேர் விரிகுடாவைக் கண்டு தயங்கி அங்கே குவியும். விடியும்போதே ஹிக்பீ பீச்சுக்குப் போய்விடுங்கள். சிறு பறவைகளுக்கு முதல் இரண்டு மணி நேரம்தான் நேரம். வெயில் ஏறியதும் கேப் மே பாயின்ட் பூங்காவின் மேடைக்கு வாருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே பருந்து, வல்லூறு போன்ற இரைவாரிப் பறவைகளை எண்ணுகிறார்கள். எண்ணுபவர் பக்கத்தில் நின்று கவனித்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம், தனி வழிகாட்டிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. பென்சில்வேனியாவில் பருந்து பார்க்கப் போகும் ஹாக் மவுன்டன் மலையையும் சேர்த்தால் ஒரு நல்ல காலை காரிலேயே போய்விடும்.

தங்குமிடம்தான் தலைவலி. எந்த இரவில் எவ்வளவு பறவைகள் கிளம்பும் என்று பேர்ட்காஸ்ட் என்ற இணையதளம் மூன்று இரவுக்குத்தான் முன்னறிவிப்பு தருகிறது. பல விடுதிகளோ வாரக்கணக்கில் முன்பே பணத்தை வாங்கிக்கொண்டு, ரத்து செய்தால் ஒரு காசு திருப்பித் தருவதில்லை. பறவை பார்க்க இத்தனை பேர் வரும் ஊரில் இந்த ஏற்பாட்டை எப்படித்தான் நியாயப்படுத்துகிறார்களோ! முன்பதிவுத் தளங்களின் 'சலுகை விலை' அறைகளில் பல இந்த ரகம்தான். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ரத்து செய்ய முடிகிற அறையை விடுதியிடமே நேரடியாகக் கேட்டு வாங்குங்கள்.

சரி, ஐந்து நாளும் தெற்குக் காற்றே வீசினால்? அப்போதும் கரைப்பறவைகள் உண்டு. வடக்கே சுமார் ஒரு மணி நேரத் தொலைவில் ஃபோர்சைத் சரணாலயம் இருக்கிறது. அங்கே காற்றை விட ஓதம்தான், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். ஓதம் ஏறி வெளிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும்போது பறவைகள் கரை கட்டிய குளங்களுக்குள் வந்து நிற்கும். எட்டு மைல் வட்டச்சாலையில் காரில் இருந்தபடியே பார்க்கலாம். வடிந்த நேரத்தில் போனால் அதே குளம் வெறிச்சென்று கிடக்கும். ஓத அட்டவணை பார்க்கும்போது திறந்த கடற்கரையின் நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். உப்பங்கழிக்குள் ஓதம் தாமதமாகத்தான் ஏறும். உச்ச ஓதம் நாளுக்கு முக்கால் மணிக்கும் மேலாகத் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. உப்பங்கழிக்குள் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்து, உச்சத்துக்கு ஒரு மணி முன்னதாகவே உள்ளே இருங்கள்.

அந்த ஏற்பாட்டாளரிடம் ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், போனில் பேசாமல் இன்றைக்கே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.