ராத்திரி பத்தரை மணிச் சொற்பொழிவும் உங்கள் மகளின் எம்.ஏ.வும்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ராத்திரி பத்தரை மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளைக் கேட்கிறாள், ஒருநாள் கொரியப் பாட்டி ஒருவரைப் பற்றிக் கேட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பி.எட். முடித்து டெட் எழுத வேண்டிய பெண் ஜப்பான், கொரியா, போர் என்று திசை மாறிப் போகிறாளோ என்பது உங்கள் கவலை.

அந்த நேரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் லண்டனில் மாலை ஐந்து மணி என்றால் நமக்கு ராத்திரி பத்தரை. ஹார்வர்டு இருக்கும் பாஸ்டன் பக்கத்தில் மதியம் பன்னிரண்டு அடித்தாலும் நமக்கு அதே பத்தரைதான். ஹார்வர்டு, லண்டனின் சோவாஸ் போன்ற இடங்களில் உள்ள கிழக்காசிய ஆய்வு மையங்கள் நடத்தும் பேச்சுகள் பலவற்றைப் பொதுமக்கள் யாரும் காசில்லாமல் கேட்கலாம். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் உண்டு. பல வருஷம் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து எழுதியவர் நேரில் பதில் சொல்வதை உங்கள் மகள் வீட்டிலிருந்தே கேட்கிறாள். கண்டதைப் பார்த்துக் கண்விழிக்கவில்லை.

அந்தப் பாட்டி கிம் ஹாக்-சுன் ஆக இருக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமையாக வைத்திருந்த பெண்களில் ஒருவர். அரை நூற்றாண்டாக ஊரும் உறவும் மூடி வைத்திருந்த விஷயத்தை, 1991 ஆகஸ்ட் 14 அன்று தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே சொன்னார். அடுத்த ஜனவரியில் சோல் நகரில் ஜப்பானியத் தூதரகத்தின் எதிரே, இந்தப் பெண்களுக்கு நீதி கேட்கும் வாராந்திரப் புதன்கிழமைப் போராட்டம் ஆரம்பித்தது. இதைக் கேட்டு அழாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை. மறுநாள் காலை நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த நோட்டைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். பேசியவர் எந்த ஆவணத்தை ஆதாரமாகக் காட்டினார், அது எந்த மொழியில் இருந்தது, கேள்வி நேரத்தில் யார் எதை மறுத்தார் என்றெல்லாம் அதில் இருந்தால், கிழக்காசிய வரலாற்றில் எம்.ஏ. படிப்பதற்கான புத்தி அவளிடம் இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். மனதைத் தொட்ட வரிகள் மட்டும் இருந்தால் அவசரம் வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் கேட்கட்டும்.

எந்த மொழி என்று ஏன் கேட்கிறேன் தெரியுமா? 1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஜப்பான் பேரரசரின் குரல் வானொலியில் ஒலித்தது. நாடு சரணடைவதை அறிவித்த அந்த உரையில் சரணடைதல் என்ற சொல்லே கிடையாது. சாதாரண ஜனங்களுக்குச் சட்டென்று பிடிபடாத பழைய அரசவை நடை வேறு. இன்றும் ஜப்பானில் அந்த நாள் 'ஷூசென்', அதாவது போர் முடிந்த நாள். 'ஹாய்சென்', தோற்ற நாள், என்று வேண்டுமென்றே சொல்பவர்களும் உண்டு. ஒருவர் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதிலேயே அவர் நிலைப்பாடு பாதி தெரிந்துவிடும். ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவில் அதே ஆகஸ்ட் 15-க்குப் பெயர் 'குவாங்போக்', ஒளி திரும்பி வந்த நாள். சீனா செப்டம்பர் 3-ஐ வெற்றி நாளாக வைத்திருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி போர்க்கப்பலில் சரண் ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு முந்தைய நாள். போர் ஒன்று, அது முடிந்ததற்கு இத்தனை பெயர்கள். போர் நினைவு பற்றிய ஆராய்ச்சி இந்தச் சொற்களுக்குள்தான் நடக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் படித்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அதனால் என் ஒரே கண்டிப்பு மொழி. ஜப்பானியமா கொரியமா என்று ஒன்றை இப்போதே தேர்ந்தெடுக்கட்டும், இரண்டையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். ஜப்பானியம் என்றால் ஜே.எல்.பி.டி. தேர்வில் என்5 தொடக்க நிலை, என்1 உச்சம். சென்னையிலேயே எழுதலாம். பட்டம் முடிவதற்குள் என்4, எம்.ஏ. முடிவதற்குள் என்2 என்று வைத்துக்கொள்ளுங்கள். கஷ்டம்தான், தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முடியும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய ஆய்வுகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஜே.என்.யு.விலும் அதற்கு ஒரு மையம் உண்டு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானக் கட்டணம் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் முதல் வருஷம் மொழியே கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு பட்டப்படிப்புக்கு அனுப்புவார்கள்.

வேலை பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இந்த வரலாற்றைக் கற்பிக்கும் பேராசிரியர் பணியிடங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். ஆனால் என்2 கையில் இருக்கும் பெண் வேலையில்லாமல் நிற்க மாட்டாள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஜப்பானியக் கம்பெனிகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்கிறது. ஆய்வு நிறுவனங்கள், வெளியுறவுப் பணி என்ற வழிகளும் உண்டு. பி.எட். எங்கும் ஓடிவிடாது, அப்புறமும் படிக்கலாம்.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட, ஜப்பானிய ராணுவம் மலாயா தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்த வேலையில் செத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 7,000 பேருக்குக் கல்லறை இருக்கிறது. பெரும்பாலும் பெயர் பொறித்த கற்கள். அதே பாதையில் செத்த நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் கல் இல்லை. ஜப்பானிய ராணுவ ஆவணங்களை ஜாக்கார் என்ற அரசு மையம் 2001 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதை ஜப்பானியத்தில் படித்து, மலேசியாவில் பிழைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் தமிழில் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? உங்கள் மகளால் அப்படி ஒருத்தியாக ஆக முடியும். இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நான்கிங் படுகொலை, ஹிரோஷிமா, இந்தப் பாட்டிகள் என்று தினமும் ராத்திரி தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது இருபது வயதுக்குப் பாரம். வாரம் ஒரு நேரலை போதும். மற்றவற்றில் பதிவாகக் கிடைப்பவற்றைப் பகலில் கேட்கட்டும். அடுத்த நேரலை அன்று நீங்களும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முடிந்ததும் என்ன பேசினார்கள் என்று தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், புரியாத இடத்தில் குறுக்கே கேளுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை இருவருமாக அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத் தேதிகளைச் சேர்ந்து பார்ப்போம்.