கால்குலஸில் தடுக்கினால் பொறியியலை விட வேண்டுமா?

சான் அன்டோனியோவிலிருந்து எழுதிய அப்பாவுக்கு,

வணக்கம் சார். உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். மகள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. கால்குலஸ் (நுண்கணிதம்) 2-இல் 'டி' கிரேடு வாங்கி, மறுபடி எடுத்து, இப்போது முதல் தேர்விலும் 41. உங்கள் மனைவி மெக்சிகோ வழிக் குடும்பம். வகுப்பில் தன்னைப் போல ஒரு லத்தீனா (லத்தீன் அமெரிக்க வழி) பெண்கூட இல்லை, "என்னை மாதிரி ஆட்களுக்கு இது வராதுப்பா" என்கிறாள் மகள். பேசாமல் பிசினஸுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் சார்.

டெக்சாஸில் பல வருடமாக லத்தீனா மாணவிகளுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். மார்க் குறைந்தால் பையன்கள் பேப்பர் கஷ்டம் என்பார்கள். இந்தப் பெண்கள் எனக்கு வராது என்பார்கள். அப்படித்தான் ஒருத்தி விடைத்தாளை எட்டாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரத்தில் அவள் அம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார். பாட்டியை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், வீட்டில் ஆங்கிலம் பேச அவள் ஒருத்திதான். தாளைப் பிரித்துப் பார்த்தோம். முதல் நான்கு கணக்கும் சரி, கடைசி மூன்றைத் தொடவே நேரம் இருந்திருக்கவில்லை. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து படித்த பெண் அவள். மற்றவர்கள் என்ன வேகத்தில் போடுகிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரீஸ்மன் என்ற கணித ஆசிரியர், கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் சறுக்குகிறார்கள் என்று அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். உழைப்பில் குறையில்லை, ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். நன்றாகச் செய்த சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். அப்புறம் அவர் கடினமான கணக்குகளைக் குழுவாகப் போடும் பட்டறையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களின் மார்க் நன்றாகவே ஏறியது. விடாப்பிடி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை ஆளாக இழுப்பது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

விண்வெளி வீராங்கனை எலன் ஓச்சோவாவைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள். மின்பொறியியல் படிக்கலாமா என்று கேட்கப் போனவருக்கு அந்தத் துறைப் பேராசிரியர் ஊக்கம் தரவில்லை. இயற்பியல் படித்தார், பிறகு ஸ்டான்ஃபோர்டில் அதே மின்பொறியியலில் 1985-இல் முனைவர் பட்டம் வாங்கினார். நாசா முதலில் எடுக்கவில்லை, 1990-இல்தான் எடுத்தது. 1993-இல் விண்வெளிக்குப் போன முதல் லத்தீனா அவர். அவருடைய அம்மாவின் கதையை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஒரு நேரத்தில் ஒரு பாடம் என்று எடுத்து, 20 வருடத்துக்கு மேல் படித்துப் பட்டம் வாங்கியவர்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாடத்தை அவசரப்பட்டு டிராப் செய்ய (பாதியில் விட) வேண்டாம். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு முழுவதற்கும் பொதுவாக 6 டிராப்தான். ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் உதவித்தொகையும் அடிபடலாம். அதனால் முதலில் அட்வைசரைப் பார்க்கட்டும். பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் அந்த 41 மார்க் தாளோடே போகட்டும், வெறுங்கையோடு போனால் பேச்சு வராது. ஹிஸ்பானிக் பொறியாளர்கள் 1974-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய எஸ்.ஹெச்.பி.இ. சங்கத்துக்குப் பல கல்லூரிகளில் மாணவர் கிளை உண்டு. அங்கே மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு அக்காக்கள் கிடைப்பார்கள். கால்குலஸை இரண்டாம் தடவை எழுதித் தேறியவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தேர்வு வாரத்தில் தம்பியைக் கூட்டி வருவது, பாட்டியின் ஆஸ்பத்திரி என்று அவள் தலையில் வீட்டு வேலை எது இருந்தாலும் உங்கள் பொறுப்பு. மார்க் என்ன என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்று யாரோடு உட்கார்ந்து படித்தாய் என்று கேளுங்கள்.

அடுத்த தேர்வுத் தாள் வந்ததும் எழுதுங்கள் சார். மார்க்கோடு, எத்தனை கணக்கைத் தொட்டிருக்கிறாள் என்பதையும் எண்ணி எழுதுங்கள்.