கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு முள்ளெலிக்குப் பால் புகட்டலாமா?

கேள்வி: ஐயா, மூலனூர் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி பூமி. பழைய கிளுவை வேலியை ஜேசிபி விட்டு எடுத்துவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி வலை போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று காலை வேரைப் புரட்டும்போது ஒரு முள்ளெலியும் கண் திறக்காத இரண்டு குட்டிகளும் வெளியே வந்தன. தாய் ஓடிவிட்டது. குட்டிகளைப் பெட்டியில் வைத்து மாட்டுப்பால் புகட்டினேன்; கழிச்சல் கண்டுவிட்டது. நானே வளர்க்கலாமா? கக்குவான் இருமலுக்கு மருந்து என்று ஒருவர் விலைக்குக் கேட்கிறார். கடலைக்காயைத் தோண்டித் தின்னும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பாலை நிறுத்துங்கள். மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை அதற்குச் செரிக்காது. பசியால் சாவதைவிடக் கழிந்து, உடம்பில் நீர் வற்றிச் சாவதுதான் சீக்கிரம் நடக்கும். குட்டிகள் தொட்டால் சில்லென்று இருக்கின்றனவா? ஒரு பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் பிடித்து, துணி சுற்றி அருகில் வையுங்கள். உடம்பு சூடேறாமல் வாயில் எதையும் விடக் கூடாது.

அந்தி சாய்ந்ததும், எடுத்த இடத்திலேயே காய்ந்த சருகு பரப்பி, உடைந்த பானையைக் கவிழ்த்து அதற்குள் விடுங்கள். நாயைக் கட்டிப்போட்டு, ஜேசிபியை அனுப்பிவிட்டு, நீங்களும் வீட்டுக்குப் போய்விடுங்கள். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் தாய் வராது. விடிந்தும் குட்டிகள் அங்கேயே கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கழிச்சல் நிற்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டில் வளர்க்கும் எண்ணம் வேண்டாம்.

இரவில் வரப்போரம் நடமாடும் முள்ளெலிக்கு நம் உதவி எதுவும் தேவையில்லை. பட்டப்பகலில் வெளியே கிடந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஈ மொய்த்தாலோதான் கையில் எடுக்க வேண்டும்.

கடலையைத் தின்பது இது அல்ல. முள்ளம்பன்றி செய்யும் வேலைக்கு இது பழி சுமக்கிறது. முள்ளெலி வண்டு, கறையான், தேள் பிடித்துத் தின்னும் சாதி. விலைக்குக் கேட்டவரிடம், கக்குவானுக்குத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே போடுகிறார்கள் என்று சொல்லுங்கள். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசியிலேயே அதுவும் இருக்கிறது. முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் இருமல் நிற்காது.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். எதற்காக அந்த வேலியை எடுத்தீர்கள்?

கொறங்காட்டுக்கு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலத்துக்கு, கிளுவை வேலி போட்ட நம் பெரியவர்கள் கம்பிக்குக் காசு இல்லை என்பதற்காக அதைப் போடவில்லை. போத்து (கிளைத் துண்டு) வெட்டி நெருக்கமாக நட்டால் போதும். மழையைக் குடித்துக்கொண்டு தலைமுறை தாண்டி நிற்கும். வெள்ளாட்டுக்குக் கொஞ்சம் தழை, அடியில் மண் அரிக்காமல் பிடிப்பு, காற்றுக்கு மறைப்பு எல்லாம் அதிலேயே கிடைக்கும். ஓணான், கீரி, கவுதாரி, முள்ளெலி என்று பூச்சி தின்னும் கூட்டமும் அதன் அடியில்தான் குடியிருக்கும். கம்பி வலை விற்கிறவர் 'பராமரிப்பே வேண்டாம்' என்பார். துருப் பிடிக்கும்போது திரும்ப வருவார், அடுத்த சுருளை விற்க. ரோட்டோரத்தில் திருட்டுப் பயம் என்று ஒரு பக்கம் வலை போட்டால் புரிந்துகொள்வேன். நான்கு பக்கமும் எதற்கு? மிச்சம் நிற்கிற வேலியையாவது விட்டுவிடுங்கள். வலை போட்ட பக்கம் அடியில் அங்கங்கே ஒரு சாண் இடைவெளி விட்டு, உட்புறமாகப் போத்து நடுங்கள். பிடுங்கிப் போட்ட முள்குவியலை அப்படியே கொளுத்தாதீர்கள். கொளுத்துகிற அன்று காலை புரட்டி வேறிடத்தில் அடுக்கிப் பாருங்கள், உள்ளே இன்னொரு குடும்பம் இருக்கலாம்.

கடலை போடுகிறவர் என்பதால் இன்னொன்று. வேர்ப்புழுவுக்கு என்று உரக்கடையில் பில் இல்லாமல் போரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை கிடைத்தால் வாங்காதீர்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாட்டில் அதற்கு முழுத் தடை. 'பழைய ஸ்டாக், உங்களுக்காக எடுத்து வைத்தேன்' என்று கொடுக்கிற கடைக்காரருக்கு உங்கள் வயலும் தெரியாது, வெறுங்கையால் தூவுகிற ஆளின் உடம்பும் தெரியாது. அந்த மருந்தில் மயங்கிக் கிடக்கும் பூச்சியை முள்ளெலியும் தின்னும், மைனாவும் தின்னும்.

முள்ளெலி இருந்தால் வேர்ப்புழு ஒழிந்துவிடும் என்று நான் கதை விடமாட்டேன். அதற்குக் கோடை உழவு இருக்கிறது. கோடையின் முதல் நல்ல மழைக்குப் பின் பொழுது சாய, வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்திலும் முருங்கையிலும் அடையும். அன்று கிளையை உலுக்கி, விழுவதைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அதே ராத்திரி இறங்கினால்தான் பலன்; ஒருவர் மட்டும் பொறுக்கிப் பயனில்லை.