போகும்போது நிற்க வேண்டாம்

அன்புள்ள அக்கா,

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. போன வருடம் லைசன்ஸ் எடுத்தேன், இப்போது பழைய ஆல்டோ ஒன்று வாங்கியிருக்கிறேன். அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குக் கடற்கரைப் பக்கமாகத் தனியாக ஒரு நாள் ஓடிவிட்டு வர ஆசை. அம்மா, "தம்பியையாவது கூட்டிக்கொண்டு போ" என்கிறா. சிநேகிதிகள், "தனியப் போய் என்ன செய்யப்போறாய்?" என்று கேட்கிறார்கள். தனியாகப் போக ஆசைப்படுவது பிழையா? போவதென்றால் வடக்கே புல்மோட்டைப் பக்கமா, தெற்கே வெருகல் பக்கமா?

வாசகி, உவர்மலை

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழையே இல்லை. போங்கள். தம்பி இன்னொரு நாளைக்கு வரட்டும்.

நம் வீடுகளில் 'ட்ரிப்' என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வான் ஐந்து மணிக்கு வரும் என்றால் பெண்கள் மூன்று மணிக்கே அடுப்படியில் நிற்பார்கள். இடியப்பம், சம்பல், சோற்றுப் பார்சல் எல்லாம் கட்டியாக வேண்டும். கடற்கரைக்குப் போய் இறங்கினாலும் செருப்புகளுக்கும் துவாய்களுக்கும் காவல் இருப்பது அவர்கள்தான். கடலைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பார்த்தோம் என்பார்கள். தண்ணீருக்குள் நிற்கும் பிள்ளைகளை எண்ணியபடி பார்த்திருப்பார்கள். பசித்த நேரம் சாப்பிட்டு, நினைத்த இடத்தில் நின்று, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு பகல் முழுக்க இருப்பது நம் பெண்களில் பலருக்கு அறுபது வயதிலும் வாய்ப்பதில்லை. உங்களுக்கு இந்த வயதிலேயே அது கைக்கு எட்டுகிறது. விட்டுவிடாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குப் புல்மோட்டைப் பக்கம்தான் நல்லது. டவுனிலிருந்து உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று ஒரே றோட்டு. 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கடற்கரை றோட்டு என்று பெயரே தவிர, அந்த றோட்டில் பெரும்பாலும் கடல் தெரியாது. பனை, வளவுகள், ஹோட்டல் மதில்கள், படை முகாம் வேலிகள் எல்லாவற்றுக்கும் அப்பால்தான் கடல் கிடக்கிறது. நேராக ஓடினால் புல்மோட்டை வந்துவிடும், கடலைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒழுங்கைகளுக்குள் திரும்ப வேண்டும். தனியாகப் போவதன் பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. கூட்டமாகப் போனால் யாராவது "இதில் என்ன இருக்கு, நேரே விடு" என்பார்கள். நாமும் விட்டுவிடுவோம்.

அதனால் என் யோசனை: போகும்போது எங்கும் நிற்காதீர்கள். விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு நேரே புல்மோட்டைக்குப் போய்விடுங்கள். நிற்பதெல்லாம் திரும்பி வரும்போது. நாம் இடது பக்கம் ஓடுகிறோம், வடக்கே போகையில் கடல் வலது பக்கம். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் எதிரே வரும் லொறிகளைக் கடந்து திரும்ப வேண்டும். லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம்தான் என்கிறீர்கள், அந்தச் சிரமம் எதற்கு? திரும்பி வரும்போது கடல் இடது கைப்பக்கம். கரையோடு கரையாக ஒதுங்கி இறங்கிவிடலாம். இன்னொன்று, நேரம் போகப் போக வீடு கிட்ட வந்துகொண்டிருக்கும். மாலைப்பட்டால் திரியாய், குச்சவெளிப் பக்கம் யானை பயமும் உண்டு, அதற்குள் நீங்கள் நிலாவெளிக்கு வந்திருப்பீர்கள். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவவின் பயத்தில் பாதி இருட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

வெயிலையும் யோசியுங்கள். காலையில் வடக்கே போகும்போது சூரியன் வலப்பக்கம், பின்னேரம் தெற்கே வரும்போதும் வலப்பக்கம். சாரதி ஆசனமும் வலப்பக்கம்தான். கையை மூடுகிற சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

புல்மோட்டையில் கரையில் படிந்திருக்கும் கறுப்பு மணலைப் பாருங்கள். இல்மனைட் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்கும் பெயர் அந்த மணலுடையது. றூட்டைல், சேர்க்கன் என்ற கனிமங்களும் அதோடு கலந்து கிடக்கின்றன. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்றுக்கு வெண்மை தரும் டைட்டானியம் இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்குக் கிட்டவே அரிசிமலை. அங்கே மணல் அரிசி போலப் பருமனான மணிகளாக இருக்கும். ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.

அடுத்தது திரியாய். குன்றின் மேல் பழைய பௌத்த தாதுகோபம், அதைச் சுற்றிக் கல்தூண்கள். அருகே பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று, பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தில். அது சொல்வது வணிகர்களைப் பற்றி. இந்தக் கரை எவ்வளவு காலமாகக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அங்கே நின்றால் விளங்கும். போயாவில் அங்கே சனம் கூடும், அதனால் முடிந்தால் ஒரு சனிக்கிழமை போங்கள். வெள்ளி வேண்டாம். குச்சவெளியிலும் புல்மோட்டையிலும் ஜும்ஆ நேரத்தில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும்.

குச்சவெளியில் மீனவர் வாடிகள் இருக்கும் பக்கம் இறங்குங்கள். காலம் சரியாக இருந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். 2004 சுனாமி இந்தக் கரையில் எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள், நீங்களாகக் கிண்டிக் கேட்க வேண்டாம்.

இறக்கக்கண்டிப் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். களப்புத் தண்ணீர் கடலோடு சேரும் இடம். பார்க்க மட்டும், இறங்கக் கூடாது, முகத்துவாரத்து இழுவை பொல்லாதது. நிலாவெளிக்கு எதிரே கடலில் உள்ள புறாத்தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். படகுக் கூலியை ஒரு ஆள் தனியாகக் கட்ட வேண்டிவரும், அரை நாளும் போய்விடும்.

வெருகல் பக்கம் வேறு மாதிரி. அது கடலை விட ஆறுகளின் வழி. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அங்கே பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம். மூதூர்த் தயிருக்காகவே போகலாம். ஆனால் தூரம் கூட, கை பழகிய பிறகு போங்கள்.

மார்கழி, தை வேண்டாம். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல் தட்டையாகக் கிடக்கும், ஆனால் அந்தக் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். தனியாக நிற்கும்போது முழங்காலுக்கு மேல் தண்ணீருக்குள் போகாதீர்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, போனில் பதிந்து வையுங்கள்.

போகுமுன் தம்பியைப் பிடித்து, வீட்டு முற்றத்தில் வைத்து டயர் மாற்றப் பழகுங்கள். அவர் காட்டினால் மட்டும் போதாது. உங்கள் கையால் நட்டைக் கழற்றி, ஜாக் வைத்துத் தூக்கி, மாற்றிப் பூட்ட வேண்டும். ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய கார் என்கிறீர்கள்.

அன்புடன்,
அக்கா